மாட்டு டாக்டர் படிப்பு இழிவா?

(கொட்டாரம் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டது கால்நடை வைத்தியப் படிப்பைப் பற்றியதாகும். பிள்ளை டாக்டருக்குப் படித்தால் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிற தகப்பன், அதே பிள்ளை மாட்டு டாக்டருக்குப் படித்தால், "ஏதோ படிக்கிறான்" என்று குரலைத் தாழ்த்திக் கொள்ளுகிறான். காரணம் என்ன? மாட்டுக்குக் குங்குமம் வைத்துக் கும்பிடுவது மேன்மையாம். அது கன்று போட முடியாமல் தவிக்கும்போது கையை உள்ளே விட்டுக் கன்றை எடுப்பது இழிவாம். செத்த மாட்டை அறுத்து, எதனால் செத்தது என்று பார்ப்பது அதைவிட இழிவாம். ஏனெனில், செத்த மாட்டைத் தொடுவது இன்ன ஜாதியான் வேலை என்று நம் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். மாடு தெய்வம், அதைத் தொட்டுப் பாடுபடுகிறவன் தாழ்ந்தவன் என்றால், இதில் கடுகளவாவது அறிவு இருக்கிறதா?

சரி, கும்பிட்டதால் மாடு பிழைத்ததா? வெக்கை நோய் என்று ஒன்று இருந்தது. அது வந்துவிட்டால் தொழுவம் தொழுவமாக மாடுகள் கழிந்து கழிந்து செத்தன. நம்மவர்கள் அம்மன் கோபம் என்று பொங்கலிட்டார்கள், வேப்பிலை கட்டினார்கள். மாடுகள் செத்துக் கொண்டேதான் இருந்தன. ஐரோப்பாவிலும் அதே நோய் மாடுகளை வாரிக் கொண்டு போயிற்று. 1761-ல் பிரான்சு தேசத்து லியோன் நகரில் கால்நடை வைத்தியத்திற்கென்றே ஒரு பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார்கள். பின்வந்தவர்கள் நோய்க்குக் காரணமான கிருமியை அறிந்தார்கள்; தடுப்பூசி செய்தார்கள். 2006-ல் நம் நாடும், 2011-ல் உலகம் முழுவதும் அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதருக்கு வந்த பெரியம்மைக்கு அடுத்தபடியாக, உலகத்தை விட்டே ஒழிக்கப்பட்ட நோய் இது ஒன்றுதான். அம்மன் கோபம் ஊசிக்கு அடங்கியது எப்படி என்று பூசாரியைக் கேட்டுப் பாருங்கள்!

இந்தப் படிப்புக்காகச் சென்னையில் 1903-லேயே கல்லூரி ஏற்பட்டது. 1952-ல் சக்குபாய் ராமச்சந்திரன் என்ற பெண்மணி அங்கே பட்டம் பெற்று வெளிவந்தார். ஆகவே, "பெண்ணுக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்பவர்களுக்குப் பதில் எப்போதோ சொல்லியாகிவிட்டது. நமக்குச் சென்னைக்குப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. பக்கத்தில் திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012 முதல் கல்லூரி நடக்கிறது. பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருஷம். மனித வைத்தியன் ஒரே உடம்பைப் படிக்கிறான். இவர்களோ மாடு, ஆடு, நாய், கோழி என்று பல உடம்புகளைப் படிக்க வேண்டும். அதுவும், "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால் வாய் திறந்து சொல்லாத உடம்புகள்!

வெறிநாய்க் கடியும் அடைப்பானும் மிருகத்திலிருந்து மனிதனுக்கு வருகிறவை. நாய்க்கு ஊசி போடுகிறவர் நம் குழந்தையையும் காப்பாற்றுகிறார். ஒரே ஒரு கறவை மாட்டை நம்பிப் பிழைக்கிற வீட்டில் அந்த மாடு விழுந்தால், குடும்பமே விழுகிறது. அந்த நேரத்தில் அவர்கள் தேடுவது மந்திரிக்கிறவனையா, படித்தவரையா என்பதே கேள்வி.

எனவே தோழர்களே! உங்கள் மகனோ மகளோ இந்தப் படிப்பைக் கேட்டால் தடுக்காதீர்கள். "மாட்டு டாக்டர்" என்று உரக்கவே சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.