ஒளியின் திசை அறியும் நுண்ணுயிர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் பாயும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே நிலத்துள் இறங்கித் தங்குகின்றது. அதனைக் கிணறே மக்களுக்கு அளிக்கின்றது. கார்த்திகை மாதத்தில் கிணற்றடியில் கால் வைப்பவர் கவனமாகவே வைப்பர். கல்லெல்லாம் பாசி படர்ந்து வழுக்கும். வீட்டார் தேங்காய்ப் பொச்சால் அதனைத் தேய்த்துக் கழுவுவர்; சின்னாளில் அது மீண்டும் படரும்.

இத்தகைய ஈரப் படலங்களில் நீலப்பச்சைப் பற்றீரியாக்கள் வாழ்வது வழக்கம். ஒளியைக் கொண்டே அவை உணவு ஆக்குகின்றன. நிழல் மிகுந்தால் பட்டினி. வெயில் மிகுந்தால் அழிவு. ஆகவே தக்க ஒளியை நாடி நகர்தல் அவற்றுக்கு உயிர்ப் பிரச்சினையாகும்.

இக்குலத்தைச் சேர்ந்த சினெக்கோசிஸ்டிஸ் என்பது உருண்டை வடிவினது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் மூன்று பங்களவே. அதற்குக் காலுமில்லை, துடுப்புமில்லை. மிக நுண்ணிய இழைகளை நீட்டிப் பரப்பைப் பற்றுகின்றது. பின்னர் அவற்றை உள்ளிழுக்கின்றது. கரைவலை இழுப்போர் கயிற்றை இழுத்து வலையைத் தம்மிடம் கொணர்வர். இவ்வுயிரோ இழையை இழுத்துத் தன்னையே முன்கொண்டு செல்கின்றது.

திசையை அறிவது எவ்வாறு? நீர் நிறைந்த உருண்டைக் கண்ணாடிக் குடுவையை வெயிலில் வைத்தால், கதிரவனுக்கு எதிர்ப்புறத்தே ஒரு சுடர்ப்புள்ளி தோன்றும். இப்பற்றீரியத்தின் உடலும் அவ்வாறே ஒரு வில்லையாகின்றது. ஒளி கிழக்கிலிருந்து வந்தால், சுடர்ப்புள்ளி உடலின் மேற்கு விளிம்பில் விழும். அவ்விளிம்பில் இழைகள் அடங்கிவிட, கிழக்குப் புறத்து இழைகளே தொழிற்படுகின்றன. உயிர் ஒளியை நோக்கி ஊர்கின்றது. ஜேர்மனியின் பிரைபேர்க் நகர அறிஞரும் பிற நாட்டு அறிஞரும் இதனை 2016 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். லேசர்க் கதிரால் ஒரு விளிம்பில் செயற்கையாகப் புள்ளி இட்டபோது, பற்றீரியம் அப்புள்ளிக்கு எதிர்த்திசையில் விலகிச் சென்றது. கருத்து உறுதியாயிற்று.

இவ்வறிவு வெறும் வியப்போடு நிற்பதன்று. புண்களிலும் மருத்துவமனைக் குழாய்களிலும் பற்றிப் படரும் சூடோமோனாஸ் என்னும் கிருமியும் இதே வகை இழைகளால் ஊர்கின்றது. அதற்கு வழிகாட்டுவது தொடுகை. இழை பரப்பைத் தொட்ட உணர்வைக் கொண்டே முன்செல்வதா, பின்திரும்புவதா என்பதை அது தீர்மானிக்கின்றது. அத்திசையறிவைக் குலைக்க வழி கண்டால், கிருமியின் பரவலைத் தடுக்கும் புதிய மருந்துகள் பிறக்கலாம்.

கிணற்றடியைத் தேய்க்கும் கை ஓய வேண்டியதில்லை. வழுக்கி விழுந்தவருக்கு விஞ்ஞானம் ஆறுதலாகாது. ஆயினும் தேய்த்த கல்லில் மீண்டும் பசுமை படரும்போது, கண்ணின்றி உடல் முழுதையுமே கண்ணாக்கிக் கொண்ட சிற்றுயிரை ஒருகணம் நினைத்தல் தகும்.