தலைமுறை நாவல்களும் திரையும்



சிம்பாங் அம்பாட் என்னும் மலாய்ப் பெயருக்கு நாற்சந்தி என்று பொருள். நாற்புறமும் சாலை பிரியும் இவ்வூரைச் சூழ்ந்து ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. மலாயாவில் இரப்பரை வாணிகப் பயிராக முதன்முதலில் வளர்த்தவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான். ஆண்டு 1896, இடம் புக்கிட் லிந்தாங். அக்கணக்கின்படி, இம்மாநிலத்துத் தோட்டக் குடும்பம் ஒன்று நான்கைந்து தலைமுறைகளைக் கண்டிருக்கக்கூடும். தலைமுறை நாவல்கள் திரைக்கு வரும்போது என்ன நேர்கிறது என்பதை ஆராய்வதற்கு இதனினும் பொருத்தமான ஊர் நமக்கு வேண்டியதில்லை.

தமிழில் இவ்வகைக்கு முதலில் நினைவுக்கு வருவது நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’. 1968ஆம் ஆண்டு வெளிவந்த இந்நாவல், குமரி மாவட்டத்து இரணியலில் வாழும் செட்டியார் குடும்பம் ஒன்றின் கதை. கணவனால் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட நாகு, அவளுக்கு நீதி தேடித் தவிக்கும் தம்பி திரவி, குலத்தின் பழங்கதைகளைப் பேரனுக்கு எடுத்துச் சொல்லும் உண்ணாமலை ஆச்சி ஆகியோர் அதில் வருகின்றனர். மலையாளம் கலந்த அவ்வட்டாரப் பேச்சு முதலில் வாசகரைத் தடுமாற வைக்கும். ஐம்பது பக்கம் கடந்தபின் அப்பேச்சின்றி அக்குடும்பத்தை நினைக்கவே இயலாது. ஒருத்தியின் துயருக்குத் தனி மனிதன் ஒருவன் மட்டும் காரணமல்லன் என்பதும், ஆச்சியின் வாயில் இனிமையாக ஒலிக்கும் அதே வழக்கங்கள்தாம் பேத்தியின் கழுத்தை நெரிக்கின்றன என்பதும் அந்நாவலை வாசிப்போர் மெல்ல உணரும் செய்திகள்.

இந்நாவலே 2010இல் வ. கௌதமன் இயக்கத்தில் ‘மகிழ்ச்சி’ என்னும் திரைப்படமாயிற்று. நல்ல நோக்கத்துடன் எடுக்கப்பட்ட படம் அது. இலக்கியத்தை நாடிவந்த இயக்குநரைக் குறை கூறுவது நம் கருத்தன்று. எனினும், இரண்டரை மணி நேரத்துக்குள் கதையை அடக்க முனையும் எவருக்கும் ஒரு கதைத்தலைவன் தேவைப்படுகின்றான். நாவலில் சிறுவனாக நின்று பெரியவர் உலகத்தைப் பார்த்துப் பார்த்து வளரும் திரவியின் கண்கள், படத்தில் உடன்பிறப்புப் பாசத்தால் பொங்கும் இளைஞனின் கண்களாகிவிடுகின்றன. பாசம் திரைக்கு எளிதில் வரும். வழக்கம் என்பது அவ்வாறு வருவதில்லை. அது நாள்தோறும் சொல்லிச் சொல்லி ஊறுவது. ஆச்சிக்குரிய நேரத்தைக் குறைத்த அளவுக்கு நாகுவின் துன்பத்தின் வேரும் மறைந்துபோகிறது.

மாணவர்கள் குழம்பிவிடக் கூடாது: பாலு மகேந்திரா 2013இல் தந்த ‘தலைமுறைகள்’ இந்நாவலின் படமன்று. பெயர்தான் ஒன்று. ஆயினும் தமிழறியாப் பேரனுக்கும் தாத்தாவுக்கும் இடையிலான உறவைச் சொல்லும் அப்படம், நீல. பத்மநாபனின் நாவலில் நாம் போற்றும் ஒன்றைத் தற்செயலாகத் தொட்டுவிட்டது. மூத்தோர் பேச, இளையோர் கேட்கின்றனர். தலைமுறைக் கதையின் அச்சாணி அதுவே என்பது நம் துணிபு.

நம் வாழ்வுக்கு இன்னும் நெருக்கமானது பாலாவின் ‘பரதேசி’ (2013). மருத்துவர் பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கிய தேயிலைத் தோட்ட நாவலைத் தழுவியது அது. நாவலில் கணவனும் மனைவியும் சேர்ந்தே மலையேறுகின்றனர். படத்திலோ காதலி ஊரில் தங்கிவிட, இறுதியில் குழந்தையுடன் அவளும் தோட்டத்துக்குக் கொண்டுவரப்படுகிறாள். ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையைத் தன்னையறியாமல் சிறைக்குள் அழைத்துக்கொள்ளும் கொடுமை அந்த ஒரே காட்சியில் அடங்கிவிடுகிறது. மூலத்தை மாற்றியதால் மூலத்தின் உண்மைக்கு இன்னும் அணுகிச் சென்ற இடம் என்றே இதனை நாம் கருதுகிறோம்.

தொடர் வடிவம் இன்று காலத்துக்கு இடம் தருகிறது. ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலைத் திரைப்படமாக்க மார்க்குவேஸ் தம் வாழ்நாளில் இசையவில்லை. அவர் மறைவுக்குப் பின், 2024இல் ஸ்பானிய மொழியிலேயே கொலம்பியாவில் எடுக்கப்பட்ட தொடராக அது வந்தது. ஜப்பானில் வாழும் கொரியக் குடும்பத்தின் நான்கு தலைமுறைகளைச் சொல்லும் ‘பச்சிங்கோ’ 2022இல் தொடரானபோது, கொரியப் பேச்சுக்கு மஞ்சள் நிறத்திலும் ஜப்பானியப் பேச்சுக்கு நீல நிறத்திலும் துணையெழுத்து இட்டனர். பாட்டி எம்மொழியில் கேட்கிறாள், பேரன் எம்மொழியில் விடை சொல்கிறான் என்பதை, அவ்விரு மொழியும் அறியாத நாமும் கண்ணால் கண்டோம். ஒரே வாக்கியத்துக்குள் தமிழிலிருந்து மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் தாவும் நம் வீடுகளைப் படமாக்குவோர் இந்நுட்பத்தை எண்ணிப் பார்க்கலாம்.

நம் நாட்டில் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) நாவலின் தழுவலன்று. ‘ஜஹாட்’ என்னும் மலாய்ச் சொல் நம் மக்கள் நாவில் உருமாறிய வடிவமே அதன் தலைப்பு. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தின் பேச்சைக் கூசாமல் ஒலிக்கவிட்ட அப்படம், 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. தோட்ட வழக்கிலேயே எழுதப்பட்ட சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’, ஜப்பானியர் காலத்தைச் சொல்லும் அ. ரெங்கசாமியின் நாவல்கள் ஆகியவை நாளை திரைக்கு வருமாயின், லயத்தைப் பலகையால் கட்டிவிடலாம். மங்கும் வாளியும் கிடைத்துவிடும். பேச்சை எங்கே வாங்குவது? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரங்கள் செம்பனைக்கு இடம்விட்டு, மக்கள் பட்டணம் சேர்ந்தபின், அப்பேச்சை முழுமையாக உடையவர்கள் எழுபதைக் கடந்தவர்கள் மட்டுமே.

இதனை நாம் ஒரு வகுப்பறையில் உணர்ந்தோம். தோட்டப்புறச் சிறுகதை ஒன்றில் ‘பெரட்டு’ என்னும் சொல் வந்தது. மாணவன் ஒருவன் எழுந்து, காலையில் அவர்கள் உண்ட பிரெட்தானே என்றான். வகுப்பு சிரித்தது; நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பானேன்? ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல் திரிந்து பெரட்டு ஆனதையும், விடியுமுன் ஆட்கள் வரிசையாக நின்று பெயர் கொடுத்ததையும் விளக்கினோம். மறுவாரம் அவன் தன் பாட்டியின் குரலைக் கைப்பேசியில் பதிந்து கொண்டுவந்தான். இருட்டில் முகம் தெரியாதாம். பெயர் கூப்பிடும் தொனியைக் கொண்டே கிராணியின் அன்றைய மனநிலையை அறிந்து, இன்றைக்கு எந்த நிரை கிடைக்கும் என்று கணித்துவிடுவார்களாம்.

அப்பதிவின் முதல் சில நிமிடங்கள் நமக்குப் பயன்படவில்லை. பதிவாகிறது என்று அறிந்ததும் அம்மூதாட்டி வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போலத் தூய தமிழில் பேசத் தொடங்கிவிட்டார். நடுவே பேரனின் குரல் கேட்கிறது: “பாட்டி, எப்பவும் போலப் பேசுங்க.” அதன் பின்னரே அவர் பெரட்டுக்களத்துக்குப் போய்ச் சேர்கிறார்.