கையெழுத்துக்கு முன்னால் ஒரு கணக்கு

கைபேசியில் இதைப் படித்துக்கொண்டிருக்கும் அக்கா, தங்கைகளே, நீங்க இருக்கிறது எந்தக் குழு?

"குழுவுல கடன் வாங்கியிருக்கேன்"னு பொதுவா சொல்லிடுறோம். ஆனா குழுவில் ரெண்டு வகை உண்டு. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய மகளிர் சுய உதவிக் குழுவில் முதலில் சேமிப்பு, பிறகுதான் கடன். உள்கடனுக்குக் கட்டும் வட்டி குழுவின் கணக்குக்கே திரும்பும். தனியார் நுண்கடன் நிறுவனங்கள் சேர்க்கும் குழு அப்படியில்லை. ஒருத்தர் கட்டலைன்னா மத்தவங்க கட்டணும், அதுக்காகத்தான் அந்தக் குழு. தவணை நாளில் பக்கத்து வீட்டு அக்காவே வாசலில் வந்து நிற்பது இதனால்தான்.

வட்டியைப் பாருங்க. 40,000 ரூபாய், 24 மாதம், "வருஷத்துக்கு 12 சதவீதம்தான்" என்பார்கள். முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி போட்டால் 9,600 ரூபாய் வரும்; மாதத் தவணை சுமார் 2,067. நீங்க அசலை மாதாமாதம் குறைச்சுக்கிட்டே வர்றீங்க இல்லையா? குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால், அது 21 சதவீதத்தையும் தாண்டுது! அதனால் எந்த முறையில் வட்டி என்று கேளுங்கள். மொத்தச் செலவையும் காட்டும் விவரத்தாள் தருவது நிறுவனத்தின் கடமை. கூச்சப்படாமல் கேட்டு வாங்கி, உடனே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதில்தான் பல குடும்பங்கள் மாட்டுது. 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தருவதே நுண்கடன். வீட்டிலுள்ள எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாதம் 18,000 வந்தால் 9,000 வரைதான். கடன் கிடைக்கணும்னு வருமானத்தைக் கூட்டிச் சொல்லாதீங்க. அந்தப் பாதுகாப்பை நாமே கழற்றிப் போடுற மாதிரி ஆயிடும்.

முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. வசூலுக்கு காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது. மிரட்டுவதும் திட்டுவதும் கூடவே கூடாது.

மீறினால், முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு இணையதளத்தில் கைபேசியிலேயே பதியலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448. தமிழிலேயே பேசலாம்.