மலைவழியும் ஆற்றுப்படையும்



அகப்பாட்டுத் தலைவன் பொருள் தேடித் தனியே பாலையைக் கடக்கின்றான். ஆற்றுப்படைக் கூத்தனோ சுற்றத்தோடு புறப்படுகின்றான். இசைக்கருவிகள் பையில் அடங்க, பிள்ளைகள் பசியால் வாட, விறலியர் அடி நோவ அவன் குடும்பம் மலையேறுகின்றது. தமிழில் குடும்பப் பயணத்தின் முதல் இலக்கியம் ஆற்றுப்படையே எனலாம்.

போடிநாயக்கனூரில் இப்பயணம் இன்றும் நிகழ்கின்றது. கோடை விடுமுறையில் வேன் ஒன்றை அமர்த்தி, புளியோதரை கட்டிக்கொண்டு மூணாறு காணப் புறப்படும் குடும்பங்கள் பல. முந்தலைக் கடந்ததும் முட்புதரும் கரும்பாறையும் அனற்காற்றும் எதிர்கொள்கின்றன. ஒருபுறம் மலைச்சுவர்; மறுபுறம் கண் கூசும் பள்ளத்தாக்கு. 17 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாம் வளைவிலேயே பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். தாய் எலுமிச்சம்பழத்தை முகரத் தருவாள். போடிமெட்டில் இறங்கினால் மேகம் முகத்தில் படும். அப்பால் நெடுமரங்களின் நிழலில் ஏலக்காடு.

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் சொரிந்துவிடுவதால் போடிப்பக்கச் சரிவு வறள்கின்றது. முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்றார் இளங்கோ. இவ்வழியில் ஏறுவோர் அதனைத் தலைகீழாகக் காண்பர். ஒருமணிப் பொழுதில் பாலை குறிஞ்சியாகின்றது. திணை மயக்கத்தைக் கரும்பலகையில் விளக்கி அலுத்த ஆசிரியர்கள் மாணவரை ஒருமுறை இவ்வழி அழைத்துச் செல்லலாம்.

ஆயினும் மலைவழியைக் காட்சியாக மட்டும் காண்பது பாதி வாசிப்பே. பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. மலையின் ஓசைகளை யானையின் மதமாக உருவகித்த அதன் அழகையே கவியரங்குகள் போற்றுகின்றன. அந்நூலின் பெரும்பகுதி எச்சரிக்கை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ளன, விடிந்தபின் செல்க. புனங்காவலர் எறியும் கவண்கல்லுக்கு மரத்தின் பின் ஒதுங்குக. வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றுக என்றெல்லாம் முன்னே சென்றவன் பின்னே வருபவனுக்கு உரைக்கின்றான். நன்னனின் கொடைக்கு முன், உயிரோடு அவனிடம் சென்றடைய வேண்டுமன்றோ!

2018 மார்ச் 11 அன்று, போடியை அடுத்த குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிய மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் மாண்டனர், பெண்கள் பலர். மலை காண வந்தவர்கள் அவர்கள். காய்ந்த புல் எவ்வளவு விரைவில் பற்றும், எத்திசையில் ஓடவேண்டும் என்பதை இச்சரிவில் வாழ்வோர் அறிவர். அவ்வறிவு வந்தவர் செவியை உரிய நேரத்தில் எட்டவில்லை. அதற்குப்பின் குறிஞ்சி மலரைப் பாடிய கவிதைகள் எத்தனையோ வந்தன. அவற்றுள் வழிகூறிய கவிதை எது?

வழியறிந்தவர்கள் இம்மலையில் நாள்தோறும் உள்ளனர். இருள் பிரியுமுன் போடியிலும் சுற்றூர்களிலும் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து, எல்லை கடந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் அவர்கள். ஏலச்செடி காய்ப்பது அடித்தூரில், மண்ணையொட்டிப் படரும் சரத்தில். எனவே நாள் முழுதும் குனிந்தும் அமர்ந்துமே காய் எடுக்கவேண்டும். எந்த வளைவில் பாறை சரியும், எம்மாதத்தில் மூடுபனி கண்ணை மறைக்கும் என்பன அவர்கள் பேச்சில் இயல்பாக வரும். போடியின் ஏலச்சந்தையில் காயின் நிறமும் பருமனும் பேசப்படும். எடுத்த கைகள் பேசப்படுவதில்லை. கவியரங்குத் தலைப்புகளிலும் நிலைமை அதுவே என்று சொன்னால் பாவலர் பொறுத்தருள வேண்டும்.

மாலையில் ஜீப்புகள் இறங்கும் வேளையில் சுற்றுலா வேன்கள் சில ஏறிக்கொண்டிருக்கும். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுதல் மரபு. வளைவில் ஜீப் ஒதுங்கி நிற்கும். வேனிலுள்ள பிள்ளைகள் கையசைப்பர். ஏலமணம் ஏறிய சேலையோடு அப்பெண்களும் கையசைப்பர். அவர்களுள் ஒருத்தி, மேலே பனி இறங்கிவிட்டது, விளக்கைப் போட்டுக்கொண்டு போகச் சொல் என்று ஓட்டுநரிடம் கூவுவாள்.