கண்ணாடி இழைத் தகடும் நம் கைத்திறனும்
(செரண்டாவில் ஆற்றிய உரை)

 

பழைய காரின் அடிச்சட்டத்தில் கண்ணாடி இழைக் கூடு பொருத்திச் சொந்தக் கார் கட்டும் ஆசை நம் இளைஞர் சிலருக்கு உண்டு. அமெரிக்காவில் 1953இல் வெளிவந்த கார்வெட் காரின் கூடும் இந்த இழையே.

மரம் சீவும் நமக்கு இதன் சூட்சுமம் புதிதல்ல. உளி ஆழப் போனால் மரத்திற்குக் காயம். தகட்டை அவசரமாக அறுத்தால் பளபளக்கும் மேற்பூச்சு சில்லுச் சில்லாகப் பெயரும்.

ஆகவே, முதலில் காகித நாடா ஒட்டி அதன்மேல் கோடு போடுவோம். தகடு அதிராதபடி தாங்கல் கொடுப்போம். உள்மூலைகளில் துளையிட்டால் வெடிப்பு ஓடாது. அங்குலத்திற்கு 32 பல் உள்ள இரும்பறுக்கும் ரம்பம் போதும். அது தள்ளும்போது அறுப்பதால் பளபளப்பான முகம் நம்மைப் பார்த்திருக்க வேண்டும். கோட்டுக்கு 2 மில்லிமீட்டர் வெளியே அறுத்து, மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுப்போம். மிஞ்சினால் தேய்க்கலாம், குறைந்தால் ஒட்ட முடியுமா?

தோழர்களே! தகட்டைவிட நம் நுரையீரல் பெரிது. அந்தத் தூசியைக் கைக்குட்டை தடுக்காது. தூசி வடிகட்டும் முகக்கவசமும் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி முதலாளி தரும் பாதுகாப்புச் சாதனத்திற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது. பட்டறையில் கூலிக்கு அறுக்கும் நம் பிள்ளைகள் இதைக் கேட்டுப் பெறவேண்டும். வீட்டுக் கொட்டகையிலோ முதலாளி நாமே. வாங்கித் தரவேண்டியவரும் நாமே!