கடைமடைக்கு நீர் வரட்டும்!

தோழர்களே!

ஏரி நிறைந்துவிட்டது என்று ஊரே மகிழ்கிறது. ஆனால் மதகு அடைபட்டிருந்தால்? கரையில் நிற்பவன் கடலெனத் தண்ணீர் என்று வியப்பான். கடைமடையிலோ பயிர் கருகும்!

உழவைப் பற்றி அல்ல, கணினியைப் பற்றிப் பேசவே இதைச் சொல்கிறேன்.

1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எவரும் இயக்கலாம், ஆராயலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் உரிமை இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தந்தார். 1993-இல் தோன்றியது டெபியன். உலகெங்கும் உள்ள தொண்டர்களின் கூட்டுப் படைப்பு. கூலி கேளாத கைகள் கட்டிய கோட்டை!

அக்கோட்டையின் கதவு யாருக்குத் திறக்கும்? பெருநகரத்தானுக்கு மட்டுமா? ஆங்கிலம் அறிந்தவனுக்கு மட்டுமா?

விழுப்புரத்துக்கும் திறந்தது, தோழர்களே! 2023 ஜனவரியில் டெபியன் ஆர்வலர் மாநாடு அங்கே கூடிற்று. தாங்கி நடத்தியது அவ்வூர் குனூ லினக்ஸ் பயனர் குழு. அதே ஆண்டு செப்டம்பரில்தான் கொச்சியிலே உலக மாநாடு!

நாடு தழுவிய தொண்டர் அமைப்பு ஊர்க்குழுவிடம் எப்படிப் பேச வேண்டும்? இரண்டு நாடகங்கள் எழுதலாம். ஒன்றில் தலைமை உறுமுகிறது: "அனுமதி பெற்றாயா? எங்கள் பெயர்ப்பலகை எங்கே? அறிக்கையை ஆங்கிலத்தில் அனுப்பு!" மற்றொன்றில் தலைமை கேட்கிறது: "தோழரே, உமக்கு என்ன தேவை?"

என்ன தேவை? பேச்சாளர் வந்துபோக ரயில் கட்டணம். இணைய முகவரிக்கும் வழங்கிக்கும் ஆண்டுதோறும் கட்டும் தொகை. நன்கொடையை முறைப்படி பெற்றுக் கணக்கு வைக்க ஒரு பதிவுபெற்ற அமைப்பு. சிக்கல் எழும்போது சலிக்காமல் விடை சொல்ல ஒரு மூத்த தொண்டர். முப்பது பேர் ஒரே வேளையில் பதிவிறக்கினால் சிற்றூரின் இணையம் திணறும். மென்பொருளை நிரப்பிய பென்டிரைவ்கள் பத்து வந்தால் பாரம் தீரும். உபுண்டுவின் குறுந்தகடுகள் 2011 வரை கேட்டவர் வீட்டுக்கே இலவசமாக அஞ்சலில் வந்தனவே!

இவையெல்லாம் தரலாம். தரக்கூடாதது ஒன்று உண்டு: ஆணை! எந்தக் கல்லூரி இடம் தரும், எந்த ஞாயிறு ஊர்த் திருவிழா, எதைத் தமிழில் எப்படிச் சொன்னால் விளங்கும் — இவை ஊர்க்குழு அறிந்தவை. டில்லியோ பெங்களூரோ அறியாதவை. மாநில சுயாட்சி கேட்கும் நமக்கா இது புரியாது?

உரிமை கேட்கும் ஊர்க்குழுவுக்குக் கடமையும் உண்டு. கணக்கைக் காட்ட வேண்டும். கண்ட பிழைகளை மேலே அறிவிக்க வேண்டும். கற்றதைத் தமிழில் எழுதித் திருப்பித் தர வேண்டும். அடுத்த அணியை இன்றே பழக்க வேண்டும்.

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். பட்டம் கேளாமல் பாடம் சொல்லும் இடத்தின் அருமை எனக்குத் தெரியும். அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் படிப்பகங்களின் கதவை, ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம், இக்குழுக்களுக்குத் திறந்து வையுங்கள். நாற்காலியும் மின்சாரமும் நம்முடையவை. அறிவு அனைவருக்கும் உரியது!

மதகைத் திறப்போம்! கடைமடை விளையட்டும்!