காது கசந்தாலும் கேட்போம்

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருக்குறளின் 39ஆம் அதிகாரம், காதுக்குக் கசக்கும் பேச்சையும் பொறுத்துக் கேட்பதை அரசனின் பண்பாகச் சொல்கிறது. கண்டித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன் எதிரியே இல்லாவிட்டாலும் கெடுவான் என்று 45ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது.

தோட்டத் தலைவருக்கும் இதுதான் பாடம். தராசில் எத்தனை கிலோ கழிக்கிறார்கள், யாருக்கு அரைப்பேர் விழுந்தது என்பது கொழுந்தெடுக்கும் பெண்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்களை "சும்மா இரு" என்று அடக்கிவிட்டு, துரையிடம் எதை வைத்துப் பேசுவது?

ஆகவே, கமிட்டிக் கூட்டத்தில் முதலில் பெண்கள் பேசட்டும். சந்தாக் கணக்கை எல்லோர் முன்னும் வாசியுங்கள். வீட்டிலும் பிள்ளைகள் குறை சொன்னால் முழுதாகக் கேளுங்கள். கேள்வி கேட்பவர்தான் சங்கத்துக்குக் காவல்.